லாஸ்பேட்டையிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் விமான நேரமும் சொல்லிவிடுகிற தளங்கள் இணையத்தில் ஏராளம். புதுச்சேரி, சென்னை என்று போடுங்கள். நூற்றிருபது, நூற்று முப்பது கிலோமீட்டர், விமானத்தில் முக்கால் மணி நேரம் என்று கூசாமல் பதில் வரும். பாண்டியிலிருந்து சென்னைக்கு இப்போது விமானமே கிடையாது என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. புதுச்சேரி, பாரிஸ் என்று போட்டால் எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரத்துச் சொச்சம். ஏதோ நம்மூர் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏறினால் நேரே ஈஃபில் கோபுரத்துப் பக்கம் இறக்கிவிடுவார்கள் போல.

அந்தத் தளங்கள் செய்வது சின்னக் கணக்குதான். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, பூமியின் வளைவின் மேல் அவற்றுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய கோட்டை அளக்கின்றன. அதை மணிக்கு எண்ணூறு சொச்சம் கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுகின்றன. நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். லாஸ்பேட்டை ஓடுபாதையிலிருந்து சென்னையின் மீனம்பாக்கம் ஏறத்தாழ 120 கி.மீ., பெங்களூருவின் தேவனஹள்ளி 265, ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் 600. கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோட்டின் மேல் யாரும் போய் வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது எங்கள் தெரு அக்கா ஒருவர். முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். மகள் பாரிஸில் பிள்ளை பெறப் போகிறாள், அம்மா போக வேண்டும். "தம்பி, பாரிஸுக்கு எத்தன மணி நேரம்பா ஆகும்?" என்று கேட்டார். பத்து மணி நேரம் என்று அவர் பேரன் போனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். "பத்து மணி நேரந்தானா? அப்ப காலையில கெளம்புனா ராத்திரி சோத்துக்குப் போயிடலாமா?" என்றார் அக்கா.

பதில் சொல்லுமுன் உள்ளூர் விமான நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணக்கும் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

லாஸ்பேட்டை விமான நிலையம் ஒரு விசித்திரம். கட்டடம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது. விமானம் மட்டும் வரும், நிற்கும், மறுபடி வரும். 2013 ஜனவரியில் புது முனையம் திறந்து ஸ்பைஸ்ஜெட் பெங்களூருவுக்குப் பறந்தது. அடுத்த வருடமே நின்றது. 2015-இல் அலையன்ஸ் ஏர் வந்து சில மாதங்களில் போனது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் திரும்ப வந்து ஹைதராபாத்துக்குப் பறந்தது, மறு வருடம் பெங்களூருவையும் சேர்த்துக்கொண்டது. கொரோனாவில் நின்று, 2021 மார்ச்சில் தொடங்கி, 2024 மார்ச் கடைசியில் மறுபடி நின்றது. பிறகு 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் விமானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு, மந்திரிகள், பூங்கொத்து. நிற்கும்போது மட்டும் செய்தித்தாளில் நாலு வரி.

உடான் திட்டம் தொடங்கியபோது அதன் கணக்கு இதுதான்: ஒரு மணி நேரப் பயணத்துக்கு, சுமார் 500 கிலோமீட்டருக்கு, பாதி இருக்கைகளை 2,500 ரூபாய்க்குத் தர வேண்டும், அதனால் வரும் இழப்பை அரசு மூன்று வருடம் ஈடுகட்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நம்மூரில் நின்றதா என்பதை மேலே சொன்ன தேதிகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடிப்படைச் சிக்கல் ஓடுபாதையின் நீளம். சுமார் 1,500 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானங்கள் ஆளும் பெட்டியும் நிறைத்துக்கொண்டு ஏறி இறங்க இரண்டாயிரம் மீட்டராவது இருந்தால்தான் நிம்மதி. ஆகவே இங்கே காற்றாடி வைத்த சின்ன விமானம்தான் வர முடியும், இண்டிகோவுக்கு ஏ.டி.ஆர். 72, அதில் 78 இருக்கை. ஓடுபாதையை நீட்டலாமே என்பீர்கள். நீட்டத் தேவையான நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள் போய் விழுகிறது. பாண்டியின் எல்லை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. முத்தியால்பேட்டை முடிந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு, அது மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் சண்டை போட்டுப் பிய்த்து வைத்த எல்லை இது. அதன் மேல் இரண்டாயிரம் மீட்டர் நேர்கோடு போடுவது லேசான காரியமா? பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. பேச்சு நடக்கட்டும்.

இப்போது பெங்களூருவுக்கு வருவோம். நம்மூர் ஆட்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு பிள்ளையாவது வேலையில் இருக்கும்.

நேர்கோட்டில் 265 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்தால் அரை மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல்தான் போட்டிருப்பார்கள். அதில் பொய் இல்லை. கதவை மூடியதிலிருந்து கதவைத் திறக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மெதுவாக மேலே ஏற வேண்டும், பெங்களூருவில் வரிசையில் காத்திருந்து இறங்க வேண்டும், அங்கே மறுபடி ஊர்ந்து போக வேண்டும். இத்தனையும் அதில் அடக்கம். தூரம் குறையக் குறைய, பறக்கிற நேரத்தைவிட இந்த ஊர்கிற நேரம்தான் பெரிதாகத் தெரியும்.

அனுபவமாகச் சொன்னால் அந்தப் பயணம் அழகு, மறுக்கவில்லை. லாஸ்பேட்டையில் கூட்டம் இல்லை. பரிசோதனை முடித்து உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் தெரியும். வெயிலில் நடந்தே போய் ஏற வேண்டியதுதான். ஏ.டி.ஆருக்குக் கதவு வால் பக்கம். முன்பக்கம் பெட்டி ஏற்றுகிற இடம். முதல் முறை ஏறுகிறவர்கள் மூக்குப் பக்கம் நடந்து போய், ஊழியர் கைகாட்டித் திரும்பி வருவதைப் பார்க்கலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த சன்னலில் உட்கார்ந்தாலும் தரை மறையாது. பெரிய விமானத்தைப் போல மேகத்துக்கு மேலே வெகு உயரம் போய்விடாது. செம்மண் திட்டு, சவுக்குத் தோப்பு, ஊசுட்டேரி, நல்ல வெளிச்சமிருந்தால் செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் என்று கண்ணுக்குப் பழகிய மண்ணே கீழே விரிந்துகொண்டு போகும். டீ வாங்கலாமா என்று யோசிப்பதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிடும்.

இறங்குகிற இடம் தேவனஹள்ளி. அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பெங்களூரு நகரத்துக்கு வடக்கே முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது விமான நிலையம். என் மச்சான் மகன் வேலை பார்ப்பது எலெக்ட்ரானிக் சிட்டியில், நகரத்தின் தெற்குக் கோடி. பாண்டியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகிற பேருந்து, பெங்களூருவுக்குள் நுழைகிற வாசலே எலெக்ட்ரானிக் சிட்டிதான். ராத்திரி பத்து மணிக்கு இங்கே ஏறிப் படுத்தால் விடிகாலையில் அவன் அறைக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறான். விமானத்தில் போனால் அவன் இடத்தைத் தாண்டி நகரத்தின் அந்தப் பக்கம் போய் இறங்கி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நெரிசலில் திரும்பி வர வேண்டும். "மாமா, பிளேன்ல போனா நான் ஆபீசுக்கு லேட்டு" என்பான். சிரிப்பதற்காகச் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

இதில் நேரம் வேறு. இண்டிகோ தொடங்கியபோது ஒரே விமானம் பெங்களூருவிலிருந்து மதியவாக்கில் இங்கே வந்து, ஹைதராபாத் போய், மாலையில் திரும்ப இங்கே வந்து, பெங்களூரு போய்ச் சேருகிற மாதிரி ஏற்பாடு. பெங்களூருக்காரர் வார இறுதிக்குப் பாண்டி வந்து போக அது தோதான நேரம். நம்மூரிலிருந்து காலையில் போய் ஒரு வேலையை முடித்துக்கொண்டு இரவு வீடு திரும்ப நினைப்பவருக்கு உதவாது. மாலையில் போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் வேலையைப் பார்த்து, அதற்கடுத்த நாள் மதியம்தான் விமானத்தில் திரும்பலாம். ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு இரண்டு ராத்திரி தங்கல்!

ஹைதராபாத் கதை வேறு. சாலையில் எழுநூற்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் முதுகு கழன்றுவிடும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள். இந்தத் தடத்துக்கு நான் ஓட்டுப் போடுவேன். அங்கிருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று மாறிப் போகவும் வசதி. ஜிப்மருக்கு வடக்கிலிருந்து வருகிற நோயாளிகள், ஆரோவில்லுக்கும் அரவிந்தர் ஆசிரமத்துக்கும் வருகிறவர்கள் எல்லாம் சென்னைச் சாலையில் மூன்று மணி நேரம் குலுங்காமல் இறங்கலாம்.

சரி, அக்காவின் பாரிஸ்.

சென்னையிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,000 கி.மீ. நேரடி விமானம் என்றால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மேற்கே போகும்போது எதிர்க்காற்று, அதனால் போவதைவிட வருவது கொஞ்சம் சீக்கிரம். ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் போவது துபாய், தோகா, அபுதாபி வழியாக. காசும் தோதும் அப்படி. அக்காவுக்கு நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விடிகாலை மூன்றரை, நான்கு மணிக்குச் சென்னையில் விமானம் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் மூன்று மணி நேரம். வழியில் டயர், டீ, நெரிசல் என்று ஒரு மணி நேரம் கையிருப்பு. ஆக முதல் நாள் இரவு எட்டரை மணிக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். வளைகுடாவுக்கு நாலு, நாலரை மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருப்பு. அங்கிருந்து பாரிஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல். இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து மகள் வீட்டுக்குப் போனால், கிளம்பியதிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

கடிகாரம் வேறு குழப்பும். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. மதியம் இரண்டு மணிக்கு மகள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அக்காவின் வயிறு மாலை ஆறரை என்று சொல்லும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கார் து நோர் நிலையம். பக்கத்திலேயே லா ஷப்பல், தமிழ்க் கடைகளும் இட்லி தோசையும் மல்லிகைப்பூவும் கிடைக்கிற தெரு. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவர் அரை மணி நேரத்தில் தமிழ் பேசுகிற கடையில் நிற்கிறார். திரும்பி வரும்போது சென்னையில் இறங்கினால் தன் தெருவுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம்.

இந்த அலைச்சல் பாண்டிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பிரான்சுக்குப் போவதும் வருவதும் அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா தாத்தா, "கப்பல்ல போன காலத்துல தூரத்த நாள்ல சொல்லுவோம், யாரும் மணி பாக்க மாட்டோம்" என்பார். 1914-இல் அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீஅன்னை, அப்போது மீரா, மார்ச் முதல் வாரத்தில் மார்செய் துறைமுகத்தில் 'காகா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயில் பிடித்துப் புதுச்சேரி வந்தது மார்ச் 29. மூன்று வாரம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிப் படகுச் சேவை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்கு நாலு வருடம் முன்னால் 1910-இல், அரவிந்தர் கல்கத்தாவில் 'டூப்ளே' கப்பலில் ஏறி ஏப்ரல் 4 அன்று இங்கே வந்து சேர நாலு நாள் ஆனது.

கப்பல் நேரே இங்கே வந்தாலும் கடைசித் துண்டு சிரமம்தான். பாண்டியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த கப்பல் கரைக்கு எட்டவே நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் சலங்குப் படகில் அலையைக் கடந்து வர வேண்டும். அதற்காகக் கட்டிய இரும்புப் பாலத்தை 1952 புயல் அடித்துக்கொண்டு போனது. கடலைத் தாண்டுவதைவிடக் கரையைத் தொடுவது கஷ்டம் என்பது அந்தக் காலத்து நிலைமை. இப்போது அந்த அலை திண்டிவனம் நெடுஞ்சாலையில் அடிக்கிறது.

வெளிநாட்டை விடுங்கள், சொந்த மாநிலத்துக்குள்ளேயே பாருங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் நம்முடையவை. மாஹேயும் ஏனாமும் ஆளுக்கொரு சட்டமன்ற உறுப்பினரை இங்கே அனுப்புகின்றன. நேர்கோட்டில் காரைக்கால் 110 கி.மீ.யும் மாஹே 465 கி.மீ.யும், ஏனாம் 590 கி.மீ.யும் வருகின்றன. ஒன்றுக்கும் விமானம் இல்லை. மாஹேவுக்குப் பக்கத்து விமான நிலையம் கண்ணூர், அல்லது கோழிக்கோடு. ஏனாமுக்கு ராஜமுந்திரி. இரண்டிலும் இங்கிருந்து நேரே இறங்க முடியாது. மாஹேயில் இருக்கிற ஒருவர் தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ரயிலிலோ பேருந்திலோ ஒரு ராத்திரியைத் தொலைக்க வேண்டும். அக்கா மகளைப் பார்க்கப் போவதில் முக்கால்வாசி நேரம்!

ஆகவே நம்மூர்க்காரருக்கு நிஜமான விமான நிலையம் மீனம்பாக்கம்தான். அதை ஒப்புக்கொண்டு அந்த 145 கிலோமீட்டரைச் சரிசெய்வதைப் பற்றி யோசிப்பது நல்லது. ரயிலில் போகலாம், ஆனால் 1879-இல் போட்ட பாதை இன்றும் நம்மை மேற்கே விழுப்புரம்வரை 38 கிலோமீட்டர் கூட்டிப் போய்த்தான் வடக்கே திருப்பும். எழும்பூர்வரை கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பெட்டி சின்னதாக இருந்தால் இது நல்ல வழி. மாமல்லபுரம் வழியாகக் கடலோரமாகவே ரயில் விடுவோம் என்று பட்ஜெட்டில் சொல்லி எத்தனையோ காலமாகிறது, தண்டவாளம் வரவில்லை. பேருந்தில் திண்டிவனம் வழியாகப் போனால், 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததற்குப் பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளின் கடைசி நிறுத்தம் அதுதான். அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாநகரப் பேருந்துக்கு மாற வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பேருந்து திருவான்மியூர்ப் பக்கம் போய்விடும், அங்கிருந்து ஆட்டோக்காரரோடு பேரம். கடைசியில் எல்லாரும் டாக்சி பிடிக்கிறோம்.

மழைக்காலத்தில் டாக்சியும் கைகொடுக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் இங்கே 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னை விமான நிலையத்தையும் மூடினார்கள். அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலையிலேயே ஓடியது. அந்த வாரத்தில் பயணச்சீட்டு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், புதுச்சேரிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று சரியாகச் சொல்வார்கள்.

லாஸ்பேட்டை ஓடுபாதையை நீட்டுவது நடக்கிறபோது நடக்கட்டும். நீட்டினாலும் துபாய் விமானம் நாளைக்கே இங்கே வந்து நிற்கப் போவதில்லை. பயணிகள் போதுமான அளவு வேண்டும், சுங்கமும் குடியேற்றமும் வேண்டும், ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால் கைக்கெட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. இரவு எட்டு, பத்து, பன்னிரண்டு மணிக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பி, வழியில் எங்கும் மாறாமல், மீனம்பாக்கத்தில் பன்னாட்டுப் புறப்பாடு வாசலில் இறக்கிவிடுகிற பேருந்து. விடிகாலையில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதே மாதிரி திரும்ப வேண்டும். வளைகுடா விமானங்களும் சிங்கப்பூர் விமானங்களும் பெரும்பாலும் நடுராத்திரியைச் சுற்றித்தான் இருக்கின்றன. அந்த நேரத்தோடு அட்டவணையைப் பொருத்தினால் போதும். நம் சாலைப் போக்குவரத்துக் கழகம் மாஹேவுக்கே பேருந்து விடுகிறது, இது அதைவிடச் சின்ன வேலை. இரவில் இதை ஒழுங்காக விட்டால் டாக்சிக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியைச் சந்தோஷமாகக் கொடுக்க ஆள் இருக்கிறது.

அதுவரை ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பேருந்தில் போங்கள், பெங்களூருவின் வடக்கே ஹெப்பால், எலஹங்கா பக்கம் என்றால் விமானத்தைப் பாருங்கள், ஹைதராபாத் என்றால் யோசிக்காமல் விமானம். வெளிநாடு கிளம்பினால் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்து, அந்த நேரத்துக்கு டாக்சி சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் பத்து மணி நேரம்.